எரிவாயு அடுப்பை நாமே கழற்றி மாட்டலாமா?

கேள்வி: சமையலறை மேடையின் கல்லை மாற்றப்போகிறோம். அதற்காக, மேடையில் பதித்திருக்கும் எரிவாயு அடுப்பைக் கழற்றி எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் பொருத்த வேண்டும். எங்களுக்கு எரிவாயு சுவரிலிருந்து குழாய் வழியாக வருகிறது. "வால்வை மூடிவிட்டு இரண்டு நட்டைக் கழற்றி மாட்ட ஆள் எதற்கு?" என்கிறார் என் கணவர். தண்ணீர்க் குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் அவரேதான் பழுதுபார்ப்பார். இருந்தாலும் எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டுக்காரரே இதைச் செய்யச் சட்டத்தில் இடம் உண்டா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவரின் கைத்திறனை நான் ஐயப்படவில்லை. கழற்றி மாட்டுவது அவர் சொல்வதுபோல் சிறிய வேலைதான். ஆனால், மாட்டிய இணைப்பு கசியவில்லை என்று உறுதிசெய்வதும் அந்த வேலையில் அடக்கம். அதற்கு வேண்டிய கருவியும் பயிற்சியும் பெரும்பாலான வீடுகளில் இருப்பதில்லை. தண்ணீர்க் குழாயில் இணைப்பு சரியாக அமையாவிட்டால் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். எரிவாயு அப்படிக் காட்டிக்கொடுக்காது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆஸ்திரேலியாவில், சொந்த வீடே ஆனாலும், உரிமம் பெற்றவர் மட்டுமே எரிவாயு இணைப்பில் கை வைக்கலாம். பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, அதற்குரிய தகுதி இல்லாத எவரும் எரிவாயு இணைப்பு வேலையைச் செய்யக் கூடாது; அதைத் தொழிலாகச் செய்பவர்கள், 2009 முதல் நடைமுறையில் உள்ள 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். சொந்த வீட்டில் தானே செய்துகொள்பவரை அந்த விதிகள் பெயர் சொல்லித் தடுக்கவில்லை என்று வாதிடுவோர் உண்டு. வாதம் சரியாகவே இருக்கட்டும். விபத்து நேர்ந்த பிறகு "எனக்குத் தகுதி இருந்தது" என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் விழும். உங்கள் பகுதி விதியை எரிவாயு வழங்கும் நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், நான் கொள்ளும் எல்லை எளிது: வெறுங்கையால் கழற்றி மாட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட இணைப்பு பயன்படுத்துபவருக்கு உரியது, ஸ்பேனர் தேவைப்படும் இணைப்பு பணியாளருக்கு உரியது. சிலிண்டர் வால்வில் ரெகுலேட்டரைப் பொருத்துவது முதல் வகை. சில நாடுகளில் அடுப்பின் குழாய் முனையைச் சுவரிலுள்ள பொருத்தியில் அழுத்தித் திருகினால் மாட்டிக்கொள்ளும், எடுத்தால் பொருத்தி தானே மூடிக்கொள்ளும். சுத்தம் செய்வதற்காக அதைக் கழற்றுவதும் அந்த வகையே. மேடையில் பதித்த உங்கள் அடுப்பு பெரும்பாலும் இரண்டாம் வகையாகத்தான் இருக்கும்.

ஸ்பேனர் போடும் இடத்தில் என்னதான் நேர்கிறது? நட்டைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் வாஷரைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் நசுங்கி, அதன்மேல் வட்டமாக ஒரு பள்ளம் பதிந்திருக்கும். அதையே திரும்ப வைத்தால் பழைய பள்ளம் பழைய இடத்தில் உட்காராது. சில இணைப்புகளில் வாஷரே இருக்காது. கூம்பு வடிவில் இரண்டு உலோக முகங்கள் ஒன்றையொன்று அழுத்தியே கசிவைத் தடுக்கும். அங்கே மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதால் பயன் இல்லை என்பது மட்டுமல்ல, முகங்கள் முழுமையாகச் சேராமலும் போகலாம். தண்ணீர்க் குழாயில் தேர்ந்த கைதான் முதலில் டேப்பைத் தேடும்! ரப்பர் குழாயாக இருந்தால், வெடித்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் செருகும் பழக்கம் பலரிடம் உண்டு. முனை வெடித்திருந்தால் குழாய் முழுவதும் இறுகிவிட்டது என்று பொருள். புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

பொருத்தி முடித்ததும் பணியாளர் அழுத்தமானியை இணைத்து, வரும் வழியை மூடி, அளவு இறங்குகிறதா என்று சில நிமிடங்கள் பார்ப்பார். சோப்பு நுரையைத் தடவினால், தடவிய இடத்தில் உள்ள கசிவு மட்டுமே தெரியும். மேடைக்குப் பின்னால் கை எட்டாத இணைப்பு கசிந்தாலும் அழுத்தமானி காட்டிவிடும். தீக்குச்சியைக் காட்டிச் சோதிப்பது எந்த நிலையிலும் கூடாது. மூக்கை மட்டும் நம்புவதும் சரியல்ல. எரிவாயுவில் வேண்டுமென்றே கலக்கப்படும் அந்த நாற்றம், தொடர்ந்து முகர்ந்தால் பழகிவிடும். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில், நாற்றம் கலக்காத எரிவாயு கசிந்து தரைக்கு அடியில் தேங்கி வெடித்ததில் ஏறக்குறைய 300 பேர் இறந்தனர். நாற்றம் சேர்ப்பதை அந்த மாநிலம் சட்டமாக்கியது அதன் பிறகுதான்.

ஆகவே இணைப்பைத் துண்டித்து, குழாயின் முனையை மூடியிட்டு அடைக்க ஒரு முறையும், திரும்பப் பொருத்திச் சோதிக்க ஒரு முறையும் உரிமம் பெற்ற பணியாளரை வரச்சொல்லுங்கள். வால்வை மூடியதோடு நிறுத்தி, முனையைத் திறந்தபடி விடக் கூடாது. கல் வேலை செய்பவரின் முழங்கை பட்டே வால்வு திறந்துகொள்ளலாம். அடுப்பைத் தூக்குவது, இறக்குவது, மேடையில் பதிப்பது ஆகியவற்றை உங்கள் கணவரே செய்யட்டும்.

கேள்வி: சிலிண்டரில் பயன்படுத்திய அடுப்பை, குழாய்வழி எரிவாயு வந்த பிறகும் அப்படியே இணைக்கலாமா?
— மற்றொரு வாசகர்

பதில்: கூடாது. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். ஒரே கன அளவில் புரோப்பேன் தரும் வெப்பம் மீத்தேனைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதற்கேற்ப அடுப்பின் ஜெட் துளைகள் அளவில் வேறுபடுகின்றன. சிலிண்டருக்கான சிறிய துளையில் மீத்தேனைச் செலுத்தினால் சுடர் மெலிந்து நிற்கும். இதைவிட ஆபத்தானது எதிர்த்திசை மாற்றம்; அப்போது சுடர் மஞ்சளாக உயர்ந்து, கரி படிந்து, நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் உருவாகும். அடுப்பின் உற்பத்தியாளர் தரும் ஜெட்டுகளைக் கொண்டு, பயிற்சி பெற்ற பணியாளர் மாற்றித் தர வேண்டும். எல்லா அடுப்புகளையும் இப்படி மாற்ற முடியாது என்பதால், ஆளை அழைப்பதற்கு முன் அடுப்பின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.