கசாப்புக்கடை காப்பாற்றிய கோயில்

கேள்வி: போர்ச்சுகலில் எவோரா என்ற ஊரில் உள்ள பழைய ரோமானியக் கோயிலைப் பல காலம் கசாப்புக்கடையாக வைத்திருந்தார்களாமே? அந்த ஊருக்குப் போய் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்திருக்கிறது. இது வரலாற்றுக்குச் செய்த அவமானம் இல்லையா?

பதில்: இல்லை. நீங்கள் கோபப்படுகிற அந்தக் கசாப்புக்கடைதான் கோயிலைக் காப்பாற்றியது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கட்டிய கோயில் அது. அதைச் சுற்றியிருந்த ரோமானியச் சதுக்கத்தில் இன்று பார்க்க அதிகம் மிச்சமில்லை. ஆளில்லாத பழைய கட்டடத்தின் கல்லைப் பெயர்த்துப் புதுச் சுவருக்குக் கொண்டுபோவது அன்றைக்கு எல்லா ஊரிலும் நடந்ததுதான். இந்தக் கோயில் மட்டும் தப்பியது, அதற்கு ஒரு வேலை இருந்ததால். தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள். 1836 வரை உள்ளே இறைச்சி விற்றார்கள். அந்தச் சுவரே தூண்களுக்கு முட்டுக்கொடுத்தது. இன்று 14 தூண்கள் நிற்கின்றன. உடம்பு சொரசொரப்பான கருங்கல், தலைப்பகுதி எஸ்ட்ரமோஸ் என்ற ஊரின் பளிங்கு. அந்தப் பளிங்கில் செதுக்கிய இலைகளின் மடிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

உண்மையில் வரலாற்றைக் குழப்பியது வேறு. ரோமானியத் தெய்வமான டயானாவின் பேரில் வழங்கும் 'டயானா கோயில்' என்ற பெயர் 17-ஆம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் கட்டிவிட்ட கதை. பேரரசரை வழிபடக் கட்டியதாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் கருத்து. ஆனாலும் பழைய பெயர் இன்னும் ஊர் வாயில் இருக்கிறது.

யுனெஸ்கோ 1986-இல் பட்டியலில் சேர்த்தது இந்த ஒரு கோயிலை அல்ல, மதில் சூழ்ந்த பழைய நகரம் முழுவதையும். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர 1530-களில் கட்டிய நீர்ப்பாலம் அங்கே தெருவுக்குள் நுழைகிறது. அதன் வளைவுகளுக்கு அடியில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். வளைவு தாழத் தாழ வீடும் குட்டையாகிறது. அதை அவமானம் என்பீர்களா? 1987-இல் ரோமானியக் குளியல்கூடம் வெளிப்பட்டதும் நகராட்சிக் கட்டடத்துக்கு உள்ளேதான்.

1870-களில் சினாத்தி என்ற இத்தாலியக் கட்டடக்கலைஞர், கோயிலின் பிற்காலச் சுவர்களை இடித்துத் தள்ளிவிட்டு, தூண்களை மட்டும் நிறுத்தினார். அதைத்தான் இன்று எல்லாரும் படமெடுக்கிறார்கள். சரி, தூண்கள் வெளியே தெரிந்தது நல்லதே. ஆனால் அவ்வளவு காலம் அவற்றைத் தாங்கிய சுவரில் ஒரு பக்கத்தையாவது அவர் விட்டுவைத்திருக்க வேண்டும். எனக்கு வருத்தம் அதில்தான், இறைச்சி விற்றதில் இல்லை.