அமெரிக்காவில் தன்னார்வலர்கள் நடத்தும் சின்னக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) அருங்காட்சியகங்களில் காட்சிப் பொருட்களை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்?

இடம் போதாது என்பது பாதிக் காரணம்தான், பெரிய காரணம் வெளிச்சம். நீர்வண்ண ஓவியம், பழைய புகைப்படம், கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை இதையெல்லாம் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மங்கிய விளக்கில் வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும், போன சாயம் திரும்பவே திரும்பாது. அதனால் சில மாதம் காட்டிவிட்டு, போர்வை என்றால் மடிப்புக்குள் அமிலமில்லாத மெல்லிய தாளைச் சுருட்டி வைத்து (கோடு விழுந்தால் அந்த இடத்தில் நூல் இற்றுவிடும்) பெட்டியில் ஓய்வு கொடுப்பார்கள். இவ்வளவு பொறுமையான வேலையைச் சம்பளமே இல்லாமல் செய்கிறார்கள், அதுதான் எனக்கு மலைப்பு.

அப்புறம், காலியான சுவருக்கு உள்ளூர் ஓவியர்களின் படங்கள் வரும். சில ஊர்களுக்கு, அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியக நிறுவனமான ஸ்மித்சோனியன் 1994 முதல் சிற்றூர்களுக்கென்றே அனுப்பும் சுற்றுக் கண்காட்சியும் வரும். குறிப்பிட்ட ஒரு பொருளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், அது இப்போது வெளியே இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.