காட்டில் பார்த்த குளவி போன்ற பழ ஈ: புதிய இனமா?

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், உதிர்ந்து கிடந்த பழத்தின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. இடை குளவியைப் போல ஒடுங்கி, மார்பில் மஞ்சள் கோடுகள், இறக்கையின் முன்விளிம்பில் கரும்பட்டை. மேலிருந்து எடுத்த ஒரு படத்தைப் போட்டு, இது புதிய இனமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் பொடி ஈயான டுரோசோபிலா இல்லை இது. மாங்காயையும் பாகற்காயையும் துளைத்து முட்டையிடும் ஈக்களின் பங்காளி. 'டாசினி' என்ற இந்தக் கூட்டத்தில் 900க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. விவசாயிக்குத் தலைவலி தருபவை அவற்றில் சிறு பகுதிதான். காட்டுக்காய்களில் பிழைக்கும் மற்றவற்றை யாரும் சீந்துவதில்லை.

முதலில் வயிற்றைப் பக்கவாட்டில் பாருங்கள். வளையங்கள் தனித்தனியாகத் தெரிந்தால் பாக்ட்ரோசெரா அல்லது சூகோடாகஸ் பேரினம் (நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுப்பு). மடிப்பே இல்லாமல் ஒரே ஓடாக ஒட்டியிருந்தால் டாகஸ். ஒடுங்கிய இடை டாகஸில் அதிகம்தான், ஆனால் அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. பாக்ட்ரோசெராவிலும் இடை மெலிந்தவை இருக்கின்றன. அடுத்தது மார்புக் கோடுகள். மாங்காய் ஈக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு. பாகற்காய் ஈக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றும் ஓடும்.

இனத்தின் பெயர் வரை போவது வல்லுநர்களுக்கே சோதனை. 2003இல் கென்யாவில் தென்பட்ட ஒரு பழ ஈக்கு, இலங்கை, ஆப்பிரிக்க மாதிரிகளை வைத்து 2005இல் 'பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். மார்பின் நிறம் கறுப்பிலிருந்து செம்பழுப்பு வரை மாறுவது பெருங்குழப்பம். மரபணு, இணைசேர்க்கை என்று பல நாட்டு ஆய்வாளர்கள் அலசிய பிறகு, அது நம் பழைய மாங்காய் ஈயான பாக்ட்ரோசெரா டார்சாலிஸ்தான் என்று 2015இல் முடிவானது. நுண்ணோக்கியும் கையுமாக இருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து நாம் என்ன சொல்ல முடியும்?

படத்தைவிட உதவுவது, ஈ வளர்ந்த காய். எருக்கங்காய்க்குள் வளர்ந்து வந்தது என்றால் டாகஸ் பெர்சிகஸ் என்று ஊகிக்க வழியிருக்கிறது. பழத்தின் மேல் உட்கார்ந்திருந்தது மட்டும் போதாது, அது சாறு குடிக்க வந்ததாகவும் இருக்கலாம். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி எதையும் எடுக்காதீர்கள். அதே மரம் வெளியில் உங்கள் தோட்டத்தில் இருந்தால், புழு விழுந்த பழங்களைச் சலித்த மணல் பரப்பிய டப்பாவில் வைத்து மெல்லிய துணியால் மூடுங்கள். புழுக்கள் மணலுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். வெளிவந்த ஈயை உடனே கொன்றுவிடாதீர்கள். புதிதில் வெளிறித்தான் இருக்கும். சில நாட்கள் சர்க்கரையும் தண்ணீரும் கொடுத்தால்தான் மஞ்சளும் கறுப்பும் தெளிவாக ஏறும்.

பக்கவாட்டுப் படம் ஒன்றும், இறக்கை விரிந்த படம் ஒன்றும் இருந்தால் கேள்வியில் சேருங்கள். பேரினம் வரையாவது பார்த்துச் சொல்கிறேன்.