மஞ்சள் கிளிப்பை டார்ச் அடித்துப் பார்த்தால் போதுமா?

குடியாத்தத்திலிருந்து விடிகாலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு வேனில் சரக்கு கொண்டுவரும் 54 வயது வாசகர் கேட்கிறார்: எதிரே வரும் வண்டிகளின் எல்.இ.டி. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. பவர் கண்ணாடி மேல் மாட்டும் மஞ்சள் கிளிப் வாங்கினேன். கடையில் டார்ச் அடித்துக் காட்டியபோது கூச்சம் குறைந்தது. இது நல்லதுதானா, எப்படிச் சோதிப்பது?

கூச்சம் குறைந்தது என்பது உண்மைதான். எல்.இ.டி. விளக்கில் நீலம் தூக்கலாக இருக்கும், மஞ்சள் லென்ஸ் அதைத்தான் முதலில் தடுக்கிறது. ஆனால் டார்ச் காட்டுவது அவ்வளவுதான். லத்தேரி பக்கம் விளக்கில்லாத இடத்தில், ரிஃப்ளெக்டர் இல்லாத சைக்கிளில் பால் கேனோடு ஒருவர் போகிறார் என்றால் அவர் உங்களுக்குத் தெரிகிறாரா என்பதுதான் கேள்வி. மங்கலில் வேலை செய்யும் நம் கண்ணின் செல்கள் நீலப்பச்சை ஒளிக்குத்தான் அதிகம் இசைகின்றன, அதிலும் ஒரு பங்கை இந்த லென்ஸ் பிடுங்கிக்கொள்கிறது. 2019இல் ஜாமா ஆப்தல்மாலஜி என்ற கண் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 22 பேரை, திரையில் ரோட்டைக் காட்டும் சிமுலேட்டரில் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள்: எதிர் வெளிச்சம் இருக்கும்போது நடந்துபோகிறவரைக் கண்டுபிடிக்க மஞ்சள் லென்ஸ் உதவவில்லை.

நீங்களே பார்க்கலாம், ஓடுகிற ரோட்டில் மட்டும் வேண்டாம். போக்குவரத்தே இல்லாத இருட்டு மைதானத்தில் வேனை லோ பீம் போட்டு நிறுத்துங்கள், எதிரே கொஞ்சம் வலது தள்ளி இன்னொரு வண்டியை அதேபோல நிறுத்துங்கள். மகனையோ தம்பியையோ கறுப்புச் சட்டையில் இடது ஓரமாகத் தூரத்திலிருந்து உங்களை நோக்கி நடக்கச் சொல்லுங்கள். ஆள் தெரிந்த நொடியில் ஹார்ன் அடியுங்கள், அவர் நின்ற இடத்தில் ஒரு கல்லை வைக்கட்டும். கிளிப்போடு சில தடவை, கிளிப் இல்லாமல் சில தடவை, மாற்றி மாற்றி. ஒவ்வொரு தடவையும் அவர் வேறு தூரத்திலிருந்து கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் எப்போது வருவார் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். கிளிப்போடு பார்த்தபோது வைத்த கற்கள் வேனுக்குக் கிட்டத்தில் கிடந்தால் கிளிப்பைக் கழற்றி வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் ஓடுகிறது, பத்து மீட்டர் வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

கிளிப் போலரைஸ்டாக (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வகையாக) இருந்தால் இரவுக்கு அறவே வேண்டாம். அது ஈர ரோட்டில் தெறிக்கும் ஒளியைக் குறைக்கும், ஆனால் ஹெட்லைட், ஆள் என்று பார்க்காமல் எல்லா வெளிச்சத்திலும் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். எப்படித் தெரியும்? செல்போன் திரைக்கு முன் கிளிப்பைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள், ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டுபோனால் போலரைஸ்டுதான். தவிர, எந்தக் கிளிப்பானாலும் இன்னும் இரண்டு பரப்புகள் கூடுகின்றன, இடையில் தூசி சேர்ந்து ஒவ்வொரு ஹெட்லைட்டைச் சுற்றியும் ஒரு படலம் போடும்.

அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடலாம். வேலூர் வெயிலில் வண்டி நின்றால் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவி கிளம்பி முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் மாதிரி படியும், பகலில் தெரியாது, எதிர் வெளிச்சம் பட்டால் வெள்ளையாகப் பூக்கும். அதை ஷாம்பு தண்ணீரில் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடையுங்கள். அப்புறம் பவர் கண்ணாடி. கோட்டிங் இல்லாத பிளாஸ்டிக் லென்ஸ் சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கிறது, அடுத்த முறை மாற்றும்போது ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இந்த மாதமே கண்ணைக் காட்டுங்கள், ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. உங்கள் வயதில் ஆரம்பநிலைப் புரை, சரிசெய்யாத சிலிண்டர் பவர், கண் வறட்சி, எதுவானாலும் இரவில் கூச்சமாக முதலில் தெரியலாம். பகல் வெளிச்சத்தில் எழுத்துப் பலகையை நீங்கள் கடைசி வரிவரை படித்துவிடக் கூடும், அதனால் ‘இரவில் எதிர் வெளிச்சத்தில் கூசுகிறது, வேன் ஓட்டுகிறேன்’ என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.