ஒரு ஃப்ளாக்கைச் சேர்க்கப்போய்…

கேள்வி: ஒரு ஷேர்டு லைப்ரரியை (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு) சோர்ஸிலிருந்து பில்ட் செய்கிறேன். வேகம் கூடட்டும் என்று, பில்ட் கருவியான மேக்குக்கு ‘மேக் சிஃப்ளாக்ஸ்=-ஓ3’ கொடுத்தால் (சிஃப்ளாக்ஸ் என்பது கம்பைலருக்குப் போகும் ஃப்ளாக்குகள், அதாவது விருப்பங்கள்; ஓ3 என்பது வேகத்துக்கான ஆப்டிமைசேஷன் அளவு), ‘-எஃப்பிக் போட்டு மறுபடி கம்பைல் செய்’ என்று கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் நின்றுவிடுகிறது. வெறும் ‘மேக்’ என்றால் முடிகிறது. ஓ3 ஒத்துவரவில்லையா?

பதில்: ஓ3 பாவம், அதைக் கொடுத்த இடம்தான் தப்பு. மேக் கட்டளையோடு தரும் மதிப்பு, பில்ட் விதிகள் இருக்கும் மேக்ஃபைலில் அதே பெயருக்கு எழுதியிருப்பதை அடித்துவிடும். ‘+=’ போட்டுச் சேர்க்கும் வரிகூடச் செல்லாது; முன்னால் ‘ஓவர்ரைடு’ இருந்தால்தான் பிழைக்கும். நீங்கள் சேர்த்ததாக நினைத்தது ஒன்று. துடைத்தெறிந்தது மேக்ஃபைல் அங்கே வைத்திருந்த அத்தனையும். எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடும்படி கோடை ஆக்கும் -எஃப்பிக்கும் அதோடு போயிற்று.

லிங்கர் கத்தியது உங்கள் அதிர்ஷ்டம். சில ஃப்ளாக்குகள் போனால் சத்தமே வராது. -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங்கை நம்பி எழுதிய கோடு, ஒரே நினைவிடத்தில் ஃப்ளோட்டாக எழுதி இன்ட்டாகப் படிக்கும். அந்த ஃப்ளாக் இல்லாவிட்டால், இரண்டும் வெவ்வேறு இடம் என்று எடுத்துக்கொண்டு, எழுதும் முன்பே படிக்கும்படி கம்பைலர் வரிசையை மாற்றலாம். பில்ட் சுத்தமாக முடியும், விடை மட்டும் தப்பாக வரும். பெரும்பாலும் ஓ2, ஓ3 அளவில் இது தலைகாட்டும். ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0-வில் டீபக் செய்தால் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும்.

முதலில், பழைய பில்ட்டை அழிக்கும் ‘மேக் கிளீன்’. ஃப்ளாக் மாறியதை மேக் தானாகக் கவனிக்காது. அழிக்காவிட்டால் பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களும் (கம்பைல் ஆன துண்டுகள்) புதியவையும் கலந்துவிடும். பிறகு ‘மேக் -என்’. எதையும் ஓட்டாமல் கட்டளைகளை அச்சிடும். அதில் தெரியும் ஃப்ளாக்குகளை முழுதாக எடுத்து, கடைசியில் -ஓ3 சேர்த்துக் கொடுங்கள். ஓ2, ஓ3 இரண்டும் இருந்தால் கடைசியில் வருவதே செல்லும். மேக்ஃபைலை உருவாக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் இருந்தால் அதற்கே கொடுப்பது மேல்.

கேள்வி: கணித லைப்ரரியைச் சேர்க்க, லிங்கர் ஃப்ளாக்குகளுக்கான ‘எல்டிஃப்ளாக்ஸ்=-எல்எம்’ கொடுத்தும் ‘சைன்’ ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்கிறது லிங்கர்.

பதில்: லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். எல்டிஃப்ளாக்ஸ் பொதுவாக ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கு முன்னால் வரும். அந்த நேரத்தில் சைனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்டாட்டிக் லைப்ரரி (புரோகிராமுக்குள்ளேயே சேர்ந்துவிடுவது) என்றாலோ, தேவைப்படும் லைப்ரரியை மட்டும் சேர்க்கும் ‘--ஆஸ்-நீடட்’ இயங்கினாலோ அதைத் தாண்டிப் போய்விடும். ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்குப் பின்னால் வரும் எல்டிலிப்ஸில் போடுங்கள், கன்ஃபிகருக்கு லிப்ஸ். எல்டிலிப்ஸில் ஏற்கெனவே வேறு லைப்ரரிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கேள்வி: இந்தக் கணினியின் பிராசசருக்கே ஏற்றபடி கோடை ஆக்கும் -மார்ச்=நேட்டிவ் போடலாமா?

பதில்: அதே கணினியில் மட்டும் ஓடும் என்றால் தாராளமாக. பழைய பிராசசருக்கு பைனரியைக் கொண்டுபோனால், அதற்குத் தெரியாத கட்டளை வந்ததும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று விழும்.