15 வயது மகள் தனியாக டாக்டரிடம் போகலாமா?

வணக்கம் அக்கா. லண்டனில் உங்கள் 15 வயது மகள் தனியாக ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) போய் மாத்திரை வாங்கியிருக்கிறாள், விசாரித்தால் ரிசப்ஷனில் வாயே திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவர்கள் சட்டப்படிதான் நடந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 16 வயதானால் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம்; அது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குக் கீழே என்றால் 'கில்லிக்' தீர்ப்பு. விக்டோரியா கில்லிக்கும் ஒரு தாய்தான். தனக்குத் தெரியாமல் மகள்களுக்குக் கருத்தடை ஆலோசனை தரக்கூடாது என்று வழக்குப் போட்டார். அப்பீலில் ஜெயித்து, 1985-இல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் நீதிபதிகள் 3க்கு 2 என்று பிரிந்ததில் தோற்றார். அந்தத் தீர்ப்பின்படி, சிகிச்சை என்ன, அதனால் என்ன வரும் என்று பிள்ளைக்கு நன்றாகப் புரிந்தால் அவள் சம்மதமே போதும். அதை டாக்டர் ஒவ்வொரு முறையும் பேசிப் பார்த்துத்தான் முடிவு செய்வார். மாத்திரைக்குப் போதுமான புரிதல் ஆபரேஷனுக்குப் போதாமல் போகலாம்.

வேடிக்கை என்னவென்றால், 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவ்வளவு பலமில்லை. 18 ஆகாதவர் உயிர்காக்கும் சிகிச்சையை மறுத்தாலும் அதைக் கொடுக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

அவள் டாக்டரிடம் சொன்னது ரகசியம்தான்; பெரிய ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் டாக்டர் அதை மீறலாம். ரிசப்ஷனில் சண்டை வேண்டாம். "அடுத்த தடவை நானும் வரட்டுமா, வெளியே உட்கார்ந்திருக்கிறேன்" என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள்.