பார்சல் திரும்பி வந்துவிட்டது அக்கா, என்ன செய்ய?

வீட்டிலிருந்தே சாமான் விற்கிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன மாதம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் ஐந்தை இந்த முறை எடுத்திருக்கிறேன். நானும் ஹட்டனில் இருந்துகொண்டு கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டரும் பின்னி ஒன்லைனில் விற்கிறவள்தான். எனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்கிறேன்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா கொழுந்து எடுக்கிறார். நான் ஏ.எல். முடித்துவிட்டுத் தையல் பழகி, சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்து பேஸ்புக்கில் போடுகிறேன். ஓடர் நன்றாக வருகிறது. ஆனால் சிஓடியில், அதாவது பார்சல் கைக்கு வரும்போது காசு கொடுக்கும் முறையில், பத்துப் பார்சல் அனுப்பினால் இரண்டு திரும்பி வந்துவிடுகிறது. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. விலையைக் கூட்டினால் யாரும் வாங்க மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது அக்கா. (மஸ்கெலியா வாசகி)

தங்கச்சி, முதலில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் எழுதிய கணக்கையே இங்கே போட்டுப் பார்க்கிறேன். ஒரு சட்டைக்குத் துணி 420 ரூபாய், நூல், பட்டன், லாஸ்டிக் எல்லாம் சேர்த்து 60, பார்சல் உறை 30, ஆக 510. விற்பது 950க்கு. டெலிவரி 400 ரூபாயை வாங்குகிறவர் தருகிறார். அப்படியென்றால் ஒரு சட்டையில் 440 ரூபாய் மிச்சம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஆனால் பத்தில் இரண்டு திரும்பினால் எட்டுக்குத்தான் அந்த 440, அதாவது 3,520. திரும்பி வந்த இரண்டுக்கும் கூரியர்காரருக்கு நீங்களே 800 கட்டியிருக்கிறீர்கள். கையில் நிற்பது 2,720 ரூபாய். ஒரு சட்டைக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று எழுதியிருக்கிறீர்கள், பத்துச் சட்டைக்கு 15 மணித்தியாலம், கிட்டத்தட்ட இரண்டு நாள் வேலை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் போட்ட பழைய 1,350 ரூபாய் நாட்சம்பளத்திலேயே அம்மா இரண்டு நாள் பேர் போட்டிருந்தால் 2,700. அவ்வளவுதான் வித்தியாசம், 20 ரூபாய்! அதிலும் டவுனுக்குப் போய்வந்த பஸ் காசு, இரவு பதினொரு மணிக்கும் "விலை எவ்வளவு" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் போட்ட நேரம், டேட்டா, தையல் மெஷின் தேய்மானம் ஒன்றையும் நான் சேர்க்கவில்லை.

உங்கள் மனதை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. ஓடர் வருகிறது என்றால் உங்கள் தையல் நன்றாக இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். காசு ஒழுகுவது பார்சலில். அதை அடைத்தால் விலையைப் பெரிதாகக் கூட்டாமலே தப்பலாம்.

எப்படி அடைப்பது? ஓடர் எடுக்கும்போதே டெலிவரிக் காசை மட்டும் முன்கூட்டி வங்கியில் போடச் சொல்லுங்கள், சட்டைக்கான பணத்தை வீட்டு வாசலில் கொடுக்கட்டும். 400 ரூபாயைப் போட்டவர் பார்சல் வரும்போது போனை அணைத்துவைக்க மாட்டார். போடமாட்டேன் என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் எப்படியும் பார்சலைத் திருப்பி அனுப்பப் போகிறவர்கள்தான், என் அனுபவத்தில் இது பொய்த்ததே இல்லை. முதல் மாதம் ஓடர் குறையும், பயந்து பழையபடி மாறிவிடாதீர்கள். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை போன் எடுத்துப் பேசுங்கள், எழுத்தில் கேட்பது போதாது. குரல் கேட்டால் தெரிந்துவிடும் இவர் வாங்கப் போகிறவரா, பிள்ளை ஏதோ போனைத் தட்டிவிட்டதா என்று. பிள்ளையின் வயதைக் கேட்டு அளவு போடாதீர்கள். நெஞ்சளவும் உயரமும் அங்குலத்தில் கேளுங்கள், அளவு சரியில்லை என்று திரும்பும் பார்சல் அதோடு நிற்கும்.

அப்புறம் முகவரி. இது நம்முடைய தனி வலி, கொழும்பில் கடை போடுகிறவருக்குச் சொன்னால் விளங்காது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வீட்டு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை, கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஆரம்பத்தில் ஒரு கூரியர்காரர் திருப்பிக் கொண்டுவந்த நான்கு ஸ்வெட்டர் "முகவரி கிடைக்கவில்லை" என்ற குறிப்போடு எங்கேயோ இரண்டு மாதம் கிடந்தது, கைக்கு வந்தபோது கம்பளியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அன்றிலிருந்து அனுப்புகிறவர் முகவரியாக டவுனில் மாமாவின் கடையைத்தான் போடுகிறேன். உங்களுக்கும் மஸ்கெலியா டவுனில் தெரிந்த கடைக்காரர் யாராவது இருப்பார், மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தாவது கேட்டுப் பாருங்கள்.

வாரத்தில் இரண்டு நாளை மட்டும் அனுப்பும் நாளாக வைத்து, அதை பேஸ்புக் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு பார்சலுக்கு ஒரு பஸ் என்று ஓடினால் கட்டாது. தபால் கந்தோரிலும் வாசலில் காசு வாங்கும் பார்சல் சேவை இருக்கிறது, கூரியர்காரர் போகாத ஊர்களுக்கும் தபால்காரர் போவார் என்பதால் இரண்டு பக்கத்துக் கட்டணத்தையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சிஓடி பணம் உங்கள் கணக்குக்கு வரச் சில நாள் எடுக்கும், அதுவரை அடுத்த துணிக்குக் காசு வேண்டும் என்பதால் குறைந்தது இருபது சட்டைக்கான துணிக்காசைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கத்து மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும், அந்த மாதங்களில் "மூன்று நாளில் வரும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பாதைகள் உடைந்து கிடந்தபோது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நானே போன் எடுத்து நிலைமையைச் சொன்னேன். ஒருவர்கூடக் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். 950ஐ 1,050 ஆக்குங்கள். கையால் போட்ட பூவேலை உள்ளதை 1,250க்குத் தனியாக வையுங்கள். நல்ல தையலுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடித்தான் நீங்கள் போக வேண்டும்.

வியாபாரத்தைப் பதிவு செய்யக் காணி உறுதி கேட்கிறார்களாம். நாங்கள் லயத்துக் காம்பராவில் இருக்கிறோம், எங்களிடம் ஏது உறுதி? பதியாமல் விற்றால் பிரச்சினையா? வரியும் கட்ட வேண்டுமா? (தலவாக்கலை வாசகர்)

உங்கள் சொந்த முழுப்பெயரிலேயே விற்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு கட்டாயமில்லை. "மலர் கிரியேஷன்ஸ்" மாதிரி வேறு பெயர் வைத்தால்தான் பதிய வேண்டும், அதை உங்கள் பிரதேச செயலகத்தில் செய்யலாம். அடையாள அட்டையும் கிராம சேவகரின் அத்தாட்சியும் வேண்டும். வியாபாரம் நடக்கும் இடத்துக்கான ஆவணம் கேட்கும்போதுதான் நம்மவர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

காணி அரசுடையது, 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள், நாம் தலைமுறை தலைமுறையாக இருந்தும் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது, ஒரு தையல் மெஷினை வைத்துப் பிழைக்கப் போனால்கூட அந்தப் பழைய அநியாயம் குறுக்கே வந்து நிற்கிறது. சரி, வழியைப் பார்ப்போம். தோட்ட நிர்வாகத்திடம் ஆட்சேபனை இல்லை என்று எழுத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் டவுனில் சொந்த வீடுள்ள உறவினர் ஒருவரிடம் வாடகை ஒப்பந்தமோ சம்மதக் கடிதமோ வாங்கி அந்த முகவரியில் பதியுங்கள். எது வேண்டும் என்று வாயால் கேட்டு வராமல், தேவையான ஆவணங்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். பத்திரம் கையில் வந்தால் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், "கணக்கு யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறதே" என்று வாங்குகிறவர் தயங்குவதும் குறையும்.

வரிக்கு இப்போது பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் ரூபாய் வருமானம் வரை வரி விலக்கு இருக்கிறது. செலவு போக மிஞ்சுவதைத்தான் பார்ப்பார்கள், அதனால் துணி வாங்கிய பில்லைத் தூக்கி எறியாதீர்கள். டின் எனும் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை மட்டும் இப்போதே எடுத்துவையுங்கள்.

அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்கிறார். நல்ல தூள் கிடைக்கும். எங்கள் பெயரில் பக்கட் போட்டு சிங்கச் சின்னத்தோடு வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரருக்கு விற்கலாமா? (பண்டாரவளை வாசகர்)

தம்பி, சின்னத்தில் கைவைக்காதீர்கள். சிங்கச் சின்னம் இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதிசெய்தது என்றால்தான் அனுமதி, அதுவும் கேட்டு வாங்க வேண்டும். தேயிலை ஏற்றுமதி செய்கிறவர் அந்தச் சபையில் பதிந்திருக்க வேண்டும். உள்ளூரில் பக்கட் போட்டு விற்கப் போனாலும் முதல் வேலையாக அவர்களிடம் நடைமுறையைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், பில் இல்லாத தூளைத் தொடாதீர்கள். அப்பா கொண்டுவந்தது, தெரிந்தவர் கொடுத்தது என்று போட்டால் ஆபத்து வருவது உங்களுக்கு மட்டும் அல்ல, அப்பாவின் வேலைக்கும்தான். பதிவுள்ள விற்பனை நிலையத்தில் பில்லோடு வாங்குங்கள்.

அனுமதி எல்லாம் சரியான பிறகு உங்களுக்குப் பெரிய பலம் ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கத்து ஊவாத் தேயிலையின் நல்ல காலம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை, காய்ந்த காற்று அடிக்கும்போது வரும் அந்த மணம் வேறு எங்கும் இல்லை. டிம்புலப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. எந்த மாதத்துத் தூள், எந்த ரகம், பீ.ஓ.பீ.யா பீ.ஓ.பீ.எப்.பா என்று பக்கட்டில் தெளிவாகப் போடுங்கள், "சுத்தமான மலைநாட்டுத் தேயிலை" என்று எல்லாரும் எழுதுவதை எழுதாதீர்கள். தூளை அடுப்படிக்குக் கிட்ட வைக்கவே கூடாது. விறகுப் புகை, செத்தல் மிளகாய், கருவாடு எதுவானாலும் தேயிலை அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும், ஈரமும் அப்படித்தான். காற்றுப் புகாத டின் இல்லாமல் இந்தத் தொழிலை ஆரம்பிக்காதீர்கள்.

பணம் போட்டதாக ஸ்லிப் அனுப்பினார், நம்பி ஜேம் போத்தல் பன்னிரண்டு அனுப்பினேன். கணக்கில் பணமே இல்லை. (நுவரெலியா வாசகி)

ஸ்லிப் படத்தை இரண்டு நிமிடத்தில் போனிலேயே மாற்றி எழுதலாம் அக்கா. வங்கியிலிருந்து வந்த மாதிரி எஸ்எம்எஸ்கூட அனுப்புவார்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து மீதியைக் கண்ணால் பார்த்த பிறகே பார்சலைக் கட்டுங்கள், அவசரம் என்று நெருக்குகிறவர் என்றால் இன்னும் மெதுவாகக் கட்டுங்கள். "கூடப் போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்பதும் இதே கூட்டம்தான். ஓடிபி இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றாலும் சொல்லாதீர்கள். நடந்ததற்கு அந்த ஸ்லிப், போன் இலக்கம், உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். இன்னொன்று, ஜேம் உணவுப் பொருள். நிறை, சேர்மானம், செய்த திகதி, முடியும் திகதி, உங்கள் பெயர் முகவரி லேபிளில் இருக்க வேண்டும். ஏரியா பி.எச்.ஐ.யை, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, போய்ப் பார்த்து வழி கேளுங்கள், அவராகத் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ராகலையில் பூங்கன்று நாற்று மேடை வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நிறையக் கேட்கிறார்கள். அனுப்பினால் பாதி செத்துப் போகிறது, திட்டு வாங்குகிறேன். (ராகலை வாசகர்)

இரண்டு விசயம் கலந்திருக்கிறது தம்பி. நம் குளிரில் வளர்ந்த ஹைட்ரேஞ்சியாவை யாழ்ப்பாண வெயிலில் நட்டால், பார்சல் எவ்வளவு நன்றாகப் போனாலும் அது நிற்காது. அப்படிக் கேட்கிறவரிடம் "இது உங்கள் ஊரில் வராது" என்று சொல்லி ஓடரை விட்டுவிடுங்கள். நான் அப்படித் திருப்பிவிட்டவர்களில் மூன்று பேர் பிறகு வேறு சாமானுக்குத் தேடி வந்தார்கள். வெயில் தாங்கும் ரோஜாக் கன்று மாதிரியானவற்றைத் தனிப் பட்டியலாக்கி, கீழ்நாட்டுக்கு அவற்றை மட்டும் காட்டுங்கள்.

பார்சல் கட்டும்போது முதல்நாள் மாலையே தண்ணீர் ஊற்றிவிட்டு, வேரைத் தென்னந்தும்போடு ஈரத் துணியில் சுற்றி, மண் சிந்தாமல் பொலித்தீனால் கட்டி, இலைப் பக்கத்துக்கு மட்டும் பெட்டியில் காற்று ஓட்டை போடுங்கள். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் சனியும் ஞாயிறும் கன்று ஏதோ ஒரு களஞ்சியத்து இருட்டில்தான் கிடக்கும்.